தண்ணீர்மலை முதல் சுங்கை பினாங்கு வரை: மாநகர் மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜார்ஜ்டவுனின் சாலையோரக் கால்வாய்களில் ஓடும் நீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கும் போவதில்லை. கழிவறை நீருக்குத் தனிக் குழாய் உண்டு. மழைநீர்க் கால்வாய் நேராக ஆற்றில் விழுகிறது. சாலையில் சிந்திய வாகன எண்ணெய், டயர் தேய்ந்த துகள், அங்காடிக் கடைகளில் தட்டு கழுவிய சவர்க்கார நீர், மலைச்சரிவில் வெட்டிக் கிடக்கும் செம்மண் ஆகிய அனைத்தும் அடுத்த மழையில் சுங்கை ஆயர் ஈத்தாம், சுங்கை டொண்டாங், சுங்கை ஜெலுத்தோங் ஆகிய ஆறுகளின் வழியே சுங்கை பினாங்கு ஆற்றில் கலந்து கடலை அடைகின்றன. ஆற்றைச் சுத்தம் செய்ய எடுக்கும் முயற்சியில் பெரும்பகுதியை, அழுக்கு புறப்படும் இடத்திற்கு மன்றம் திருப்ப வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

பனியே காணாத நமக்கும் பயன்படக்கூடிய ஒரு பாடம் கனடாவில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கத் தூவப்படும் உப்பு கரைந்து ஓடைகளுக்குப் போய், நன்னீர் உயிர்களைப் பாதிக்கிறது. கரைந்த குளோரைடு வண்டலைப் போல் குட்டையில் படியாது, எந்த வலையிலும் சிக்காது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று 2001-இல் முடிவு செய்த கனடா அரசு, 2004-இல் நடைமுறை விதிகளை வெளியிட்டது. சாலைப் பாதுகாப்புக்குத் தேவை என்பதால் உப்பைத் தடை செய்யவில்லை. மாறாக, உப்பைக் கூரையின் கீழ் சேமிப்பது, தூவும் வண்டிகளின் அளவைச் சரிபார்ப்பது என, உப்பைக் கையாளும் இடத்திலேயே கட்டுப்பாட்டை வைத்தது.

நம் கால்வாய்களில் அந்த உப்பின் இடத்தில் இருப்பது சவர்க்காரமும் சமையல் எண்ணெயும்தான். ஆற்றில் கட்டிய குப்பைத் தடுப்பு பிளாஸ்டிக் போத்தலைப் பிடிக்கும். கரைந்த சவர்க்காரத்தைப் பிடிக்காது. அங்காடி உணவு மையங்களில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருந்தால் மட்டும் போதாது. அதை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை காலி செய்கிறார்கள் என்பதற்குப் பதிவேடு வேண்டும். நடைபாதைக் கடைகளுக்கோ பாத்திரம் கழுவக் கால்வாய் ஓரத்தைத் தவிர வேறு இடமே இல்லை. அந்த வியாபாரிகளுக்கு அபராதம் விதிப்பதற்கு முன், கழிவுநீர்க் குழாயோடு இணைந்த கழுவுமிடத்தை மன்றம் கட்டித் தருவதே நியாயம்.

தைப்பூசத்தைப் பற்றித் தமிழராகிய நாமே பேசவேண்டும். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையை ஒட்டி ஓடும் சுங்கை ஆயர் தெர்ஜுன் மேலே குடிநீருக்கு எடுக்கப்படும் ஆறு. கீழே அதே ஆறு நகரத்தின் கால்வாய் நீரைச் சுமக்கிறது. பூசத்தை ஒட்டிப் பந்தல்களில் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கப்படுகிறது. உடைத்த தேங்காய்களைச் சாலையிலிருந்து அகற்றும் பணியாளர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆனால் அண்டா கழுவிய எண்ணெய் நீரைத் துடைப்பத்தால் அள்ள முடியாது. அது வறண்ட காலம் வேறு. கால்வாயில் ஊற்றியது அங்கேயே தேங்கிப் புளித்து, முதல் பெருமழையில் ஒரே வீச்சாக ஆற்றில் இறங்கும். அன்னதானம் புண்ணியம் என்று நம்புகிற நாம், அதன் கழிவை ஆற்றின் தலையில் கட்டுவது எப்படித் தகும்?

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையும் அதில் பறிபோன உயிர்களும் இத்தீவில் யாருக்கும் மறக்கவில்லை. அத்தனை மழையை எந்தக் கால்வாயும் முழுதாகத் தாங்காது என்பது உண்மை. ஆனால் வண்டல் படிந்து பாதி தூர்ந்த கால்வாய் சாதாரண மழையையே தாங்காது, கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ எனப்படும் நகர மழைநீர் மேலாண்மைக் கையேடு 2001 முதல் நடப்பில் உள்ளது, 2012-இல் திருத்தப்பட்டது. புதிய கட்டுமானங்கள் நீரின் அளவை மட்டுமன்றித் தூய்மையையும் தம் எல்லைக்குள்ளேயே கவனிக்க வேண்டும் என்கிறது அது. சரிவுகளில் நடக்கும் கட்டுமானங்களை மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள். வெயில் நாளில், ஓடும் மண்ணைப் படியவைக்கும் வண்டல் குட்டைகள் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். பழைய கடைவீடுகளுக்கு இக்கையேடு எட்டாது என்பதால், அவற்றின் சமையலறை நீர் எங்கே விழுகிறது என்பதைத் தெருவாரியாகக் கணக்கெடுக்கும் வேலையும் உங்களுடையதே.

செப்டம்பர் மழைக்கு முன் தூர்வாரும் அட்டவணையைத் தெருப் பெயர்களோடு வெளியிடுங்கள். வாரிய மண்ணைக் கால்வாய் ஓரத்தில் விடாமல் அன்றே அகற்றச் செய்யுங்கள். அடுத்த தைப்பூசப் பந்தல்களுக்கு அனுமதி வழங்கும்போது, கழுவிய நீரைச் சேர்க்கும் தொட்டியையும் எண்ணெயைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டையும் நிபந்தனையாக்குங்கள். அதற்கு முன், பந்தல் பொறுப்பாளர்களை இந்து அறப்பணி வாரியத்தோடு சேர்த்து அழைத்துப் பேச ஒரு நாள் குறித்துத் தாருங்கள். பந்தல்களில் வேலை செய்யும் எங்களில் பலர் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுன் குடியிருப்பாளர் ஒருவர்