இரண்டுங்கெட்டான் சட்டம்

டென்வர்
14 ஜூலை 2024

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டி அறுவைக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து எழுதுவதே பெரும்பாடாக இருந்தது. இன்றைக்குத்தான் தடி இல்லாமல் மாடி ஏறினேன். அந்தத் தெம்பில் ஆரம்பிக்கிறேன். மகள் வந்து பத்து நாள் இருந்து, என்னை நடக்கச் சொல்லி விரட்டிவிட்டுப் போனாள். உன் பேரனுக்கு முதல் பல் முளைத்தது பற்றி எழுதியிருந்தாய், படத்தையும் பார்த்தேன். உன் மூக்கு அப்படியே இருக்கிறது, பாவம்.

சரி, நீ திட்டியதற்கு வருகிறேன். "கஞ்சாக் கடைக்குக் கணக்கு எழுதுகிறாயாமே, இந்த வயதில் இது தேவையா?" என்று கேட்டிருந்தாய். யார் போட்டுக்கொடுத்தது என்று ஊகிக்க முடிகிறது. விஷயம் உண்மைதான், இரண்டு வருடமாக எழுதுகிறேன். உன் கோபமும் எனக்குப் புரியாமல் இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் மனம் பிறழ்ந்து உன் முன்னால் வந்து உட்காருவதைத் தினமும் பார்க்கிறவன் நீ. 2012இல் கொலராடோவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது ஓட்டுக்கு வந்தபோது நானும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டேன். இன்றைக்குக் கேட்டால், அமெரிக்கா முழுவதற்கும் மத்திய அரசே இதைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்பேன். என் மனத்தை மாற்றியது அந்தக் கடையின் கணக்குப் புத்தகம்.

போதைப்பொருள் விற்ற ஓர் ஆள், தராசு, கார்ச் செலவு, வாடகை என்று எல்லாவற்றையும் வருமானத்தில் கழித்துக்கொள்ள அனுமதி கேட்டு வழக்குப் போட்டார். 1981இல் வரி நீதிமன்றம் பெரும்பாலும் சரி என்றுவிட்டது. அடுத்த வருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், வரிச் சட்டத்தில் 280இ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. மத்தியச் சட்டத்தின் போதைப்பொருள் பட்டியலில் மிகக் கடுமையான முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ளதை விற்கிறவர் சரக்கு வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்கக் கூடாது. இப்போது மாநில உரிமம் வாங்கி, கேமரா வைத்து, அடையாள அட்டை பார்த்து விற்கிற கடைக்கும் அதே பிரிவுதான். ஒரு கடை வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்கு விற்கிறது என்று வை. சரக்கு 6 லட்சம், வாடகையும் சம்பளமும் 3 லட்சம். கையில் நிற்பது 1 லட்சம். செருப்புக் கடையாக இருந்தால் 21 சதவீதம், அதாவது 21,000 டாலர் மத்திய வரி. கஞ்சாக் கடையானால் 4 லட்சத்துக்கு வரி, 84,000 டாலர். மிச்சம் 16,000. திருட்டுத்தனமாக விற்கிறவன் ஒன்றுமே கட்டுவதில்லை. ஒழுங்காக விற்கிறவனைத்தான் சட்டம் பிழிகிறது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்களே, அதுதான்.

வங்கி இன்னொரு கூத்து. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டப்படி குற்றம் என்பதால் பெரிய வங்கிகள் கிட்டேயே சேர்ப்பதில்லை. கடன் அட்டை செல்லாது. முதல் தடவை அந்தக் கடையின் பின்னறைக்குள் போனபோது, நோட்டு எண்ணும் இயந்திரங்களின் சத்தத்தில் பேசவே முடியவில்லை. வரி கட்டுவதற்குக்கூட நோட்டைப் பைகளில் கட்டி, காவலாளியோடு எடுத்துப் போகிறார்கள். வங்கிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் மசோதா 2019 முதல் பல தடவை கீழவையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

இதற்கெல்லாம் மூலம் அதிபர் நிக்சன் காலத்து 1970ஆம் வருடப் போதைப்பொருள் சட்டம். அதில் கஞ்சா முதல் அட்டவணையில், ஹெராயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோகெய்ன் இரண்டாவது அட்டவணையில்! நீ மருந்தியல் படித்தவன், இதற்கு என்ன நியாயம் என்று நீயே சொல். நிக்சன் பெரும்பாலோரை நியமித்த குழுவே 1972இல், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தது. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். அதற்கு வெகு முன்பே, 1893-94இல் பிரிட்டிஷ் அரசு நம் நாட்டில் ஒரு கமிஷன் போட்டு, 1,193 சாட்சிகளை விசாரித்து, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று முடிவுக்கு வந்தது. வெள்ளைக்காரன் வருமானத்துக்காகச் சொன்னான் என்பாய். சொன்னது தப்பா என்பதுதான் கேள்வி.

ஆனால் பணத்தைவிட என்னை உறுத்துவது வேறு. அந்தக் கடையில் சரக்குக் கணக்கு பார்க்கும் பையன் கிரீன் கார்டுக்காரன். கஞ்சாவைத் தொட்டதுகூட இல்லை என்கிறான், நம்புகிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறான். இந்த வேலையில் இருக்கும்வரை நினைக்காதே என்று சொல்லிவிட்டார். 2019 ஏப்ரலில் வந்த குடியேற்றத் துறை விளக்கம் தெளிவாகவே சொல்கிறது: மாநிலத்தில் சட்டபூர்வமானாலும், கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்ததே 'நன்னடத்தை' இல்லை என்பதற்குக் காரணமாகலாம். பக்கத்தில் நின்று அதே வேலை பார்க்கும் குடிமகனுக்கு ஒரு கேடும் இல்லை. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கடை திறந்திருக்கிறது, பலகை தொங்குகிறது, எல்லோரும் வாங்குகிறார்கள் என்று விசாவில் இருக்கும் பிள்ளைகளும் உள்ளே போகிறார்கள். நாளைக்கு ஓர் அதிகாரி கேட்டு, உண்மையைச் சொன்னால், அந்த ஒப்புதலே போதும் நாட்டுக்குள் விடாமலிருக்க. கடைவாசலில் ஒரு எச்சரிக்கைப் பலகையாவது வைக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

கைது விஷயமும் அப்படித்தான். ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பருக்கு 3.64 மடங்கு. புகைப்பது இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

இனி உன் பக்கத்துக்கு வருகிறேன். இன்றைய சரக்கு நம் கல்லூரி நாளைய சரக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பிடிபட்ட சரக்கில் 1995 வாக்கில் 4 சதவீதமாக இருந்த, போதை தரும் டிஎச்சி, இப்போது 15ஐத் தொடுகிறது. கடையில் விற்கும் சாறுகள் அதையும் பல மடங்கு தாண்டுகின்றன. வளரும் மூளைக்கு அது விஷம் என்று நீ சொன்னால் எதிர்த்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதற்கு உச்சவரம்பு போடுவது யார்? மத்திய அரசைப் பொறுத்தவரை அது இருக்கவே கூடாத பொருள். இருக்கக் கூடாத பொருளுக்கு எப்படித் தர அளவு வைப்பது? மாநிலத்துக்கு மாநிலம் சோதனை விதி மாறுகிறது. 2019-20இல் நுரையீரல் கெட்டு 2,800க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்களே, 68 பேர் செத்தார்களே, நீயே பதறி எழுதினாய். காரணம் வைட்டமின் ஈ அசிடேட் கலந்த, ஆவியாக்கி இழுக்கும் கஞ்சாக் குப்பிகள், பெரும்பாலும் தெருவில் வாங்கியவை. ஆராய்ச்சிக்குக்கூட 1968இலிருந்து ஐம்பது வருடத்துக்கு மேல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த செடிதான் கிடைத்தது. கடையில் விற்பது ஒன்று, ஆராய்ந்தது வேறொன்று.

உன் நெப்ராஸ்கா என்ன ஆகும் என்று பயப்படாதே. உன் மாநிலமும் ஓக்லஹோமாவும் சேர்ந்து, எங்கள் கஞ்சாச் சட்டத்தை எதிர்த்து 2014இல் எங்கள் மேல் வழக்குப் போட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது ஞாபகமிருக்கும். 1933இல் மதுவிலக்கை நாடு கைவிட்ட பிறகும் மிசிசிப்பி 1966 வரை விலக்கிலேயே இருந்தது. மத்தியில் தடை போனாலும் ஓமாஹாவில் கடை திறக்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

போன மே மாதம் மத்திய அரசின் நீதி அமைச்சகம், கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாவது அட்டவணைக்கு மாற்ற முன்மொழிந்ததைப் பார்த்திருப்பாய். பலர் குதிக்கிறார்கள். அது நடந்தால் 280இ போகும், என் வேலை பாதியாகும், கடைக்காரர் மூச்சு விடுவார். ஆனால் மாநில உரிமத்தில் நடக்கும் கடை மத்திய சட்டப்படி அப்போதும் குற்றம்தான். அந்தப் பையனுக்கும் ஒன்றும் மாறாது. அதனால்தான் அட்டவணையிலிருந்தே எடு, சாராயம்போல் வயது வரம்பும் தர அளவும் வரியும் வை என்கிறேன்.

பொதுமக்கள் கருத்துச் சொல்ல இந்த 22ஆம் தேதிதான் கடைசி நாள். நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். நீயும் எழுது, எதிர்த்தே எழுது. அந்த டிஎச்சி அளவு விஷயத்தை உன்னைப்போல் படித்தவன் எழுதினால்தான் எடுபடும்.

அப்புறம், செப்டம்பரில் வருவதாகச் சொன்னாயே, நிச்சயம்தானே? காரிலேயே வா. திரும்பும்போது ஜூல்ஸ்பர்க் தாண்டினால் உன் மாநிலம். உன் பெட்டியை நானே சோதித்துத்தான் அனுப்புவேன், என் மகளின் சிநேகிதர்கள் விளையாட்டுப் பிள்ளைகள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்
தியாகு