ஃபியூரி மேல் பந்தயம் கட்டாதே

ராயபுரம்,
13.12.2024

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஃபெஞ்சல் புயல் போயும் மழை விட்டபாடில்லை. மாடிப்படிக்குக் கீழே சுவர் கசிகிறது. மழை நின்றால்தான் வருவேன் என்கிறார் கொத்தனார். நேற்று மாலையிலிருந்து தெருவெல்லாம் குகேஷ் பேச்சு. செஸ் காய் எது, தாயக்கட்டை எது என்று தெரியாதவர்கள்கூடப் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். நடக்கட்டும், நம் ஊர்ப் பிள்ளைதானே.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று ஒரு வாய்க் கேள்வி. மீதி முழுக்க, அடுத்த வாரம் உக்ரைனின் உசிக்கோடு நடக்கிற மறு குத்துச்சண்டையில் டைசன் ஃபியூரி ஏன் ஜெயிப்பான் என்ற விளக்கம். மான்செஸ்டரில் குடியிருந்துகொண்டு ஃபியூரி பக்கம் நிற்காமல் வேறு யார் பக்கம் நிற்பாய்? அவன் பிறந்த ஊர், வேலையிடத்தில் உன்னைச் சுற்றி இருப்பவர்களும் அவனுடைய ஆட்கள். அதெல்லாம் சரி. அவர்களோடு சேர்ந்து பந்தயம் கட்டப்போகிறேன் என்று கடைசியில் போகிறபோக்கில் சொன்னாய் பார், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய்.

உயரத்தையும் கை நீளத்தையும் வைத்து ஆரம்பித்தாய். ஃபியூரி 206 சென்டிமீட்டர், உசிக் 191. கைகளை விரித்தால் இவனுக்கு 216, அவனுக்கு 198. எடையிலும் மே மாதம் பதினேழு கிலோ வித்தியாசம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே உயரமும் இதே கையும் மே 18 அன்று ரியாத்தில் உசிக்கிடம் தோற்றபோதும் அவனிடம் இருந்தனவே, அன்றைக்கு என்ன, வீட்டில் வைத்துவிட்டா வந்தான்?

அடுத்து, ஒரு புள்ளியில் போய்விட்டது, வெறும் அதிர்ஷ்டம் என்கிறாய். அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு நடுவர் உசிக்குக்கு 115-112 கொடுத்தார், இன்னொருவர் உசிக்குக்கே 114-113, மூன்றாமவர் ஃபியூரிக்கு 114-113. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி விழுந்ததாக ரெஃபரி எண்ணத் தொடங்கியதால் அந்த ரவுண்டு உசிக்குக்கு 10-8 ஆனது. எண்ணாமல் விட்டிருந்தால் 10-9. அப்போது மூன்று தாள்களிலும் ஃபியூரிக்கு ஒரு புள்ளி கூடும்: முதல் தாள் 115-113, இரண்டாவது 114-114, மூன்றாவதில் ஃபியூரி 115-113. ஆளுக்கு ஒரு நடுவர், நடுவில் ஒரு சமன். போட்டியே டிரா ஆகியிருக்கும். ஆகவே ஒரே ஒரு புள்ளி என்று நீ சொல்வது உண்மைதான். அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாய்.

ஒன்பதாவது ரவுண்டை மறுபடி போட்டுப் பார். உசிக்கின் இடது கை விழுந்ததும் ஃபியூரியின் கால்கள் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பக்கக் கயிற்றிலிருந்து மறுபக்கக் கயிற்றுக்குத் தள்ளாடிப் போகிறான், உசிக் விடாமல் பின்னாலேயே போய்க் குத்துகிறான். கயிறு தாங்கிப் பிடிக்காவிட்டால் தரையில்தான் கிடந்திருப்பான். விதிப்படி கயிறு தாங்கினாலும் விழுந்த கணக்குத்தான். அந்த நேரத்தில் ரெஃபரி உள்ளே புகுந்து எண்ணினார், எண்ணி முடிப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு பக்கத்தாரும் அந்த ரெஃபரியைத்தான் திட்டுகிறார்கள். எண்ணியே இருக்கக்கூடாது என்கிறார்கள் உன் நண்பர்கள். எண்ணாமல் விட்டிருந்தால் இன்னும் இரண்டு குத்தில் ஆட்டமே முடிந்திருக்கும், எண்ணித்தான் ஃபியூரியைக் காப்பாற்றினார் என்கிறார்கள் உசிக் ஆட்கள். நான் இரண்டாவது கட்சி.

ஃபியூரி அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நான்காவது ரவுண்டிலிருந்து ஏழு வரைக்கும் ஆட்டம் அவன் கையில்தான் இருந்தது. வயிற்றில் குத்தினான், உசிக் குனிந்து உள்ளே வரும்போதெல்லாம் கீழிருந்து அப்பர்கட் எடுத்தான். ஆறாவது ரவுண்டில் ஒன்று சரியாகவே பட்டது, உசிக் ஆடிப்போனான். நடுநடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வேடிக்கை காட்டினானே, அங்கேதான் எனக்கு எரிச்சல். அடிபட்டவன் மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுப் பிறகு நடுவர்களைக் குறை சொல்வதா? தோற்றதற்கு மறுநிமிடமே, போர் நடக்கிற நாட்டுக்காரன் என்று அனுதாபப்பட்டு உசிக்குக்குப் போட்டுவிட்டார்கள் என்ற மாதிரிப் பேசினான். அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரன் வைல்டர் 2020இல் இவனிடம் அடிவாங்கிவிட்டு, ரிங்குக்கு வரும்போது போட்டிருந்த உடை கனம், அதனால் கால் ஓய்ந்துவிட்டது என்று சொன்னபோது உலகமே சிரித்தது. ஃபியூரி சொன்னது மட்டும் உனக்கு நியாயமாகப் படுகிறதா?

வைல்டர் பேச்சு வந்ததால் எடைக்கு வருகிறேன். இந்த முறை இன்னும் எடை ஏற்றிக்கொண்டு வருவான், கழுத்தின் மேல் சாய்ந்து சாய்ந்தே உசிக்கைக் களைக்க வைப்பான் என்பது உங்கள் திட்டம். லாஸ் வேகாஸில் 2020 பிப்ரவரியில் அப்படித்தான் செய்தான். அதற்கு முந்தைய ஆட்டத்தைவிட எட்டுக் கிலோவுக்கு மேல் கூட்டி, 124 கிலோவோடு வந்து, ஏழாவது ரவுண்டில் வைல்டர் பக்கத்திலிருந்து ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி வெள்ளைத் துண்டை எறிய வைத்தான். ஆனால் வைல்டர் யார்? நின்ற இடத்தில் நின்று ஒரு வலது கையை நம்பி ஆடுகிறவன். பின்னால் தள்ளினால் அவனால் குத்தவே முடியாது. உசிக் ஒரே இடத்தில் நிற்பதே இல்லை. ஓடுகிற பஸ்ஸின் மேல் எப்படியடா சாய்ந்து நிற்பது? எடை கூடினால் அதைப் பன்னிரண்டு ரவுண்டும் சுமக்கப்போவது ஃபியூரியின் கால்கள்தான்.

உசிக் இடதுகை ஆட்டக்காரன் என்பதை நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆட்டத்தின் பாதி. உன் தாத்தா கூடத்தில் சாக்பீஸால் நான்கு பாதம் வரைந்து இதைக் காட்டுவார். இரண்டு வலதுகைக்காரர்கள் எதிரெதிரே நின்றால் இருவருக்கும் இடது கால் முன்னால் இருக்கும், இடிக்காது. ஒருவன் இடதுகைக்காரன் என்றால் இவனுடைய இடது காலும் அவனுடைய வலது காலும் நேருக்கு நேர் வந்துவிடும். யார் தன் முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளியே வைக்கிறானோ, அவனுடைய பின்கைக்கு நேராக வழி திறக்கும். "முகத்தைப் பார்க்காதே, பாதத்தைப் பார்" என்பார் தாத்தா. சாக்பீஸ் கோட்டை மிதித்து நடந்தால் பாட்டியிடமிருந்து எல்லோருக்கும் திட்டு விழும்.

மே மாத ஆட்டத்தை அப்படிப் பார். உசிக்கின் வலது கால் வெளியே போய் நின்ற போதெல்லாம் அடுத்து இடது கை போயிருக்கும். ஃபியூரிக்கு இது புது வியாதியும் அல்ல. 2019இல் ஸ்வீடனின் ஓட்டோ வாலின் என்ற இடதுகைக்காரன் அவன் கண்ணுக்கு மேல் கிழித்துவிட்டு, மூன்றாவது ரவுண்டிலிருந்து கடைசிவரை இரத்தத்தோடு ஆட வைத்தான். ஃபியூரி அதில் ஜெயித்தான், மறுக்கவில்லை. ஆனால் வாலினிடம் உசிக்கின் காலும் இல்லை, லண்டன் ஒலிம்பிக் தங்கமும் இல்லை.

இன்னொரு வாதம் வைத்தாய்: ஃபியூரி வைல்டரை நொறுக்கினான், உசிக் ஜோஷுவாவிடம் இரண்டாவது முறை கஷ்டப்பட்டான், ஆகவே ஃபியூரிதான் பெரியவன். இப்படி ஏணி வைத்து ஏறுகிற கணக்கு இந்த விளையாட்டில் செல்லாது. 1974ஐ எடுத்துக்கொள். முகமது அலியை 1971இல் ஃபிரேசியர் ஜெயித்திருந்தார். 1973இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அந்த ஃபிரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் கிங்ஸ்டனில் இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளினார், நார்ட்டனையும் இரண்டு ரவுண்டில் முடித்தார். ஏணிக் கணக்குப்படி அலி ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன்.

ஃபிரேசியரும் நார்ட்டனும் முன்னால் வந்து ஆடுகிறவர்கள். அலிக்கு அது தலைவலி. ஃபோர்மனுக்கோ, எதிராளி தானே அடிக்குள் வந்தால் அல்வா. அலி அதைச் செய்யவில்லை. கயிற்றில் சாய்ந்து கைகளால் மூடிக்கொண்டு, இரண்டு ரவுண்டுக்குள் முடித்துப் பழகிய ஒருவரை அடித்து அடித்தே களைக்க விட்டார். உன் தாத்தா துறைமுகத்தில் தன் கூட்டாளிகளோடு ஃபோர்மன் பக்கம்தான் பேசினாராம். அப்போதெல்லாம் வடசென்னையில் இந்த வாதம் சின்ன விஷயம் இல்லை. சார்பட்டா பரம்பரையா, இடியப்ப நாயக்கர் பரம்பரையா என்று டீக்கடையில் பிரிந்து உட்கார்ந்தவர்கள் அலி, ஃபோர்மன் விஷயத்திலும் அப்படியே பிரிந்து உட்கார்ந்தார்கள்.

அதே அலி 1980இல் மெட்ராஸுக்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஒரு கண்காட்சி ஆட்டம், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். தாத்தா உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். நான்கு பாதமும் வரையத் தெரிந்தவள் வீட்டில். எது ஜாப், எது ஹூக் என்று தெரியாதவன் ஸ்டேடியத்தில். திரும்பி வந்த உன் மாமாவுக்கு நினைவிருந்தது வேர்க்கடலையும் எம்.ஜி.ஆரின் தொப்பியும்தான். இன்றைக்கும் அவனிடம் குத்துச்சண்டை பற்றி எதுவும் கேட்டுவிடாதே.

உசிக்கிடம் ஓட்டையே இல்லை என்று நினைத்துவிடாதே. வயிறு அவனுக்கு ஆகாத இடம். போலந்தில் போன வருடம் ஐந்தாவது ரவுண்டில் டுபுவா அடித்த குத்து பெல்ட்டுக்குக் கீழேயா மேலேயா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. ரெஃபரி கீழே என்றார், உசிக் எழுந்து வந்து ஒன்பதாவதில் முடித்தான். ஜெத்தாவில் ஜோஷுவாவும் வயிற்றைக் குறிவைத்தபோதுதான் உசிக் திணறினான். வருகிற ஜனவரியில் அவனுக்கு 38 வயது. கால்களை நம்பி ஆடுகிறவனுக்கு வயது எப்போது வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது, ஒரே ராத்திரியில் வந்துவிடும். ஃபியூரி அந்த நான்கு ரவுண்டில் செய்ததை வேடிக்கை காட்டாமல் எட்டு ரவுண்டு செய்தால் நான் தோற்றவள். விழுந்தாலும் எழுகிறவன் அவன் என்பதும் தெரியும். 2018இல் வைல்டர் பன்னிரண்டாவது ரவுண்டில் படுக்க வைத்தபோது, இனி எழமாட்டான் என்று நான்கூட டிவியை அணைக்கப் போனேன்.

ஆனால் செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை. போன வருடம் அக்டோபரில், முதல் முறையாகத் தொழில்முறைக் குத்துச்சண்டை ரிங்கில் ஏறிய பிரான்சிஸ் இங்கானுவிடம் கீழே விழுந்து எழுந்து, ஒரு நடுவர் எதிராகப் போட்டும் தப்பித்து வந்தவன் இவன். அன்றிலிருந்தே கால்கள் பழைய ஃபியூரியின் கால்களாக இல்லை. நீ இரண்டு நிமிடத் துணுக்குகளைப் பார்க்கிறாய், அதில் அப்பர்கட்டும் நடனமும் மட்டும் இருக்கும். முழு ஆட்டத்தையும் ஒலியை அணைத்துவிட்டுப் பார். வர்ணனையாளர் கத்துகிற இடமும் குத்து விழுகிற இடமும் ஒன்றாகவே இருக்காது. ரவுண்டு முடிந்ததும் யாருக்கு என்று நீயே எழுதி வை. அதற்குப் பிறகும் ஃபியூரி என்றால் வாயை மூடிக்கொள்கிறேன்.

என் கணக்கு: உசிக், புள்ளிகளில். இந்த முறை நடுவர்கள் பிரியமாட்டார்கள். முதல் நான்கு ரவுண்டுக்குள் ஃபியூரி மேலே தெரிவான், உன் நண்பர்கள் கூத்தடிப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பணத்தை ஏற்றாதே. சம்பளத்தில் மிச்சம் இருந்தால் இந்த மாடிப்படிச் சுவருக்கு அனுப்பு, கொத்தனார் சொல்கிற தொகை ஃபியூரியின் எடையைவிட வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆட்டம் நம் ஊரில் 22ஆம் தேதி ஞாயிறு விடியற்காலை வரும். அப்பா தூங்கிவிடுவார், நான் விழித்திருப்பேன். தீர்ப்பைப் படித்து முடித்த பிறகு கூப்பிடு. போன தடவைபோல ஒன்பதாவது ரவுண்டு நடக்கும்போது போன் அடித்தால் எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா