'நான் பாவிதான்' வாசித்த பாபி அக்காவுக்கு

அன்புள்ள பாபி அக்கா,

உங்கள் வயதுக்குப் பாட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் உங்கள் தம்பி, அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் மேடைக்கு மேடை 'சிஸ்டர் பாபி' என்று சொல்லிச் சொல்லி, கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் நீங்கள் அக்கா ஆகிவிட்டீர்கள். 2022 மார்ச் 10 அன்று, 91 வயதில், நீங்கள் காலமான செய்தி வந்தபோதே எழுத நினைத்தேன், எழுதவில்லை. போன வாரம் அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

வீட்டில் வில்லியின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பம் ரெக்கார்டில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அமெரிக்கக் கிராமத்துக் கண்ட்ரி இசை என்றால் என்னவென்று தெரியாது, அந்த ஆங்கிலமும் பிடிபடாது, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். முதல் பக்கத்தின் கடைசியில் வில்லியின் குரல் நின்று, உங்கள் பியானோ மட்டும் வந்ததும் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "இது நம்ம 'நான் பாவிதான்' இல்லையா? இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார் பேசி முடித்து, மனம் திரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று கூப்பிடும் நேரத்தில் பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து மெதுவாக இந்தப் பாட்டைத் தொடங்குவார்கள். இங்கிலாந்தில் சார்லட் எலியட் 1835இல் எழுதிய பாட்டு. எங்களுக்கு 'நான் பாவிதான் ஆனாலும் நீர்', உங்களுக்கு 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. டெக்சஸில் ஆபட் என்ற சின்ன ஊரில், உங்கள் மெதடிஸ்ட் கோயிலில், நீங்களும் இதே பாட்டுக்குள்தான் வளர்ந்திருப்பீர்கள். பிற்பாடு நீங்களும் வில்லியும் சேர்ந்து அந்தக் கோயிலையே விலைக்கு வாங்கிக் காப்பாற்றினீர்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அம்மாவின் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஆல்பத்தின் கதையே ஒரு கொலைகாரப் பிரசங்கியார் கதை. மனைவி வேறொருவனோடு போய்விட, இரண்டு பேரையும் கொன்றுவிட்டு குதிரையேறித் திரிகிறான். கறுப்புக் குதிரையில் அவன், பின்னால் கயிற்றில் அவள் முன்பு ஏறிய குதிரை. வழியில் ஒரு பெண் அந்தக் குதிரையைத் தொட்டதற்காக அவளையும் சுட்டுவிடுகிறான். இவ்வளவும் முதல் பக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட இல்லாமல் உங்கள் 'நான் பாவிதான்'. இரண்டு நிமிடம்கூட இருக்காது.

அந்தத் தலைப்புப் பாட்டு வில்லியுடையது இல்லை. ஃபோர்ட் வொர்த்தில் ரேடியோ அறிவிப்பாளராக இருந்த 1950களில் அவர் அடிக்கடி போட்ட பாட்டு, வீட்டில் பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் பாடியது. கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் கார் ஓட்டி வரும் வழியில், அன்றைய மனைவி கோனியோடு பேசிப் பேசி, அந்த ஒரு பாட்டுக்கு முன்னும் பின்னும் கதை சேர்த்திருக்கிறார். சொந்தப் பாட்டு சில, மற்றவர்களின் பழைய பாட்டு பல. ஃபிரெட் ரோஸ் எழுதி 1940களிலேயே ராய் ஏகஃப் பாடிவிட்ட 'புளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்' கூட அப்படி வந்ததுதான்.

1975 ஜனவரியில், டல்லஸுக்குப் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில், ஆட்டம் சவுண்ட் என்ற ஸ்டுடியோ. நீங்கள், வில்லி, டிரம்ஸில் பால் இங்கிலிஷ், பேஸில் பீ ஸ்பியர்ஸ், மாண்டலினில் ஜோடி பெய்ன், ஹார்மோனிகாவில் மிக்கி ராஃபேல். ஊர் ஊராகச் சேர்ந்து வாசித்த கூட்டம், சில நாட்களில், சில ஆயிரம் டாலரில் முடித்துவிட்டது. பொறியாளர் ஃபில் யார்க் ஒலியைச் சீர்ப்படுத்திக் கொஞ்சம் கனமாக்கிப் போட்டுக் காட்டியபோது, நாங்கள் வாசித்தது இது இல்லையே, சேர்த்ததை எடுத்துவிடுங்கள் என்றிருக்கிறார் வில்லி. எடுத்ததும் பாதி நேரம் ஒரு கிட்டாரும் உங்கள் பியானோவும் நடுவில் வெற்றிடமும்தான் மிச்சம். அன்றைக்கு கண்ட்ரி ரெக்கார்டுகளின் தலைநகரான நாஷ்வில்லில் வயலின் கூட்டமும் கோரஸும் இல்லாமல் ரெக்கார்டு வெளிவருவது அபூர்வம். பத்து வருடத்துக்கும் மேல் வில்லியின் குரலையும் அப்படித்தான் மூடி மூடி வைத்தார்கள்.

ரெக்கார்டு வெளியிடும் கொலம்பியா கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டு இது வெறும் மாதிரிப் பதிவுதானே என்று நினைத்ததில் வியப்பில்லை. நாஷ்வில்லுக்கு அனுப்பி தயாரிப்பாளர் பில்லி ஷெரிலிடம் கொடுத்து மேலே ஏதாவது சேர்க்கலாம் என்று கம்பெனி அதிகாரி புரூஸ் லண்ட்வால் யோசித்தபோது, உடன் போயிருந்த வில்லியின் நண்பர், பாடகர் வெய்லன் ஜென்னிங்ஸ் கோபத்தில் வெடித்துவிட்டார். எப்படியும் ஒப்பந்தப்படி முடிவு வில்லியின் கையில். ஒன்றும் சேர்க்காமல் மே மாதம் வெளியிட்டார்கள். அக்டோபரில் 'புளூ ஐஸ்' கண்ட்ரி பட்டியலில் முதலிடம். மற்றவர்களுக்குப் பெரிய பெரிய ஹிட் எழுதிக் கொடுத்த மனிதருக்குப் பாடகராக அதுதான் முதல் முதலிடம், அப்போது 42 வயது. ஆல்பமும் முதலிடத்துக்குப் போனது. சரி, இதெல்லாம் எல்லாரும் எழுதிவிட்ட கதை.

நான் சொல்ல வந்தது இரண்டாம் பக்கத்தைப் பற்றி. அந்தப் பிரசங்கியார் டென்வருக்கு வந்து சேர்கிறான், ஒரு பெண்ணைச் சந்திக்கிறான், ஆடுகிறார்கள். அங்கே நீங்கள் 'டவுன் யாண்டர்' வாசிக்கிறீர்கள். சாராயக்கடைப் பியானோ, துள்ளல், நாலு பேர் காலால் தரையைத் தட்டுகிற வாசிப்பு. முதல் பக்கத்தில் கோயில், இரண்டாம் பக்கத்தில் விடுதி, இரண்டும் அதே பத்து விரல். இதை வேறு யாராலும் இந்த அளவுக்கு உண்மையாக வாசித்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் கொடுத்த விலை அப்படி.

அப்பா அம்மா விட்டுப் போன பிறகு தாத்தா பாட்டியிடம் வளர்ந்தீர்கள், பாட்டிதான் முதலில் கட்டையைத் தொடச் சொல்லிக்கொடுத்தார். பதினாறு வயதில் கல்யாணம், கணவர் நடத்திய குழுவில் ஹாங்கி டாங்க் என்கிற குடியும் ஆட்டமுமான விடுதிகளில் வாசிப்பு. மண வாழ்க்கை முறிந்தபோது, விடுதியில் வாசிக்கிறவள் நல்ல தாயாக இருக்க முடியாது என்று மூன்று பிள்ளைகளையும் உங்களிடமிருந்து பிரித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா. தம்பியும் அதே மாதிரி விடுதிகளில்தான் வாசித்தார், அவரை யாரும் நல்ல அப்பாவா என்று கேட்கவில்லை. நீங்கள் அலுவலக வேலை கற்றுக்கொண்டு, ஃபோர்ட் வொர்த்தில் ஹேமண்ட் ஆர்கன் நிறுவனத்தில் சேர்ந்து, ஆர்கனை வாசித்துக் காட்டிப் பிழைத்து, பிள்ளைகளை மீட்டீர்கள். 1973இல் நியூயார்க்கில் கோயில் பாட்டுகளைப் பதிவு செய்ய வில்லி உங்களைக் கூப்பிட்டபோதுதான் முதன்முதலாக விமானம் ஏறினீர்கள். அதற்குப் பிறகு கடைசிவரை அவரோடுதான் வாசித்தீர்கள்.

கதையில் அந்தப் பிரசங்கியார் மன்னிப்புக் கேட்பதே இல்லை. அவன் வாயில் அந்தப் பாட்டு வந்திருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும், மூன்று பேரைக் கொன்றவன் அவ்வளவு சுலபமாகப் பாடிவிட்டுப் போவதா என்று. வில்லி பாடவில்லை, தள்ளி உட்கார்ந்து உங்களை வாசிக்கவிட்டார். கூப்பிடும் குரல் மட்டும் கேட்கிறது, அவன் போனானா இல்லையா என்று யாரும் சொல்வதில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் நேற்று ராத்திரிதான் சொன்னேன், கொலை முதல் பிள்ளைகள் வரை. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொம்பளை நாலாவது அடி வரதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துறாங்க, கவனிச்சியா? எங்க அம்மாவும் அங்கதான் நிறுத்துவாங்க" என்றார்கள். அதைத் திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அன்புடன்,
நாசரேத்துப் பிள்ளை ஒருவன்