ரத்த வங்கிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரத்த வங்கிப் பொறுப்பாளர்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். உடல் போதிய அளவு ஆரோக்கியமான சிவப்பணுக்களை உருவாக்க முடியாத பரம்பரை ரத்த நோயான தலசீமியா கடுமையாக உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்பதையோ, எண்ணற்ற கொடையாளர்களின் ரத்தம் ஒரே உடலில் சேரச் சேரத் தொற்றுக்கான வாய்ப்பும் கூடும் என்பதையோ உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் மகளுக்கு, ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சி இருப்பது அண்மையில் உறுதியானது. அதையொட்டி நாங்கள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலே இம்மடலை எழுத வைத்தது.

ஒவ்வொரு முறை ரத்தம் ஏற்றும்போதும் பையில் ஒட்டியிருக்கும் எண்ணையும் ரத்தம் எடுத்த தேதியையும் என் மனைவி ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். அப்படிச் செய்யும்படி எவரும் அவரிடம் சொன்னதில்லை. அந்த நோட்டை ரத்த வங்கிக்குக் கொண்டுவந்து காட்டி, இவற்றில் எந்தப் பை மூலம் தொற்று வந்திருக்கும், அந்தக் கொடையாளரை மீண்டும் அழைத்துப் பரிசோதிப்பீர்களா, அவருடைய ரத்தம் வேறு எந்தக் குழந்தைக்காவது போயிருக்கிறதா என்று கேட்டோம். 'எல்லாப் பையும் பரிசோதித்துத்தான் வருகிறது, முத்திரை இருக்கிறதே' என்றார்கள். முத்திரை இருக்கிறது ஐயா. எங்கள் மகளின் ரத்தத்தில் வைரஸும் இருக்கிறது.

வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் பரிசோதனையில், புதிதாகத் தொற்றுக்கு ஆளான கொடையாளரின் ரத்தம் ஏறக்குறைய இரண்டு மாதம் வரைகூடத் தொற்றற்றதாகத் தோன்றலாம் என்பதும், வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் நாட் பரிசோதனை அந்த இடைவெளியைச் சில நாட்களாகக் குறைத்துவிடும் என்பதும் நீங்கள் அறிந்தவைதாம். ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: இக்குழந்தைகளுக்கு ஏற்றும் ஒவ்வொரு பையும் நாட் பரிசோதனையைத் தாண்டி வர வேண்டும், அதையும் மீறித் தொற்று வந்தால் பையின் எண்ணைக் கொண்டு கொடையாளர் வரை தேடிப் பார்க்க வேண்டும்.

'இப்போதுதான் மாத்திரை வந்துவிட்டதே' என்றும் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான், பெரும்பாலும் 12 வாரத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குக் குணமாகிறது, மூன்று வயது முதலே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தும் இருக்கிறது. ஆனால் ஒருமுறை குணமானவருக்கு ஹெபடைடிஸ் சி மறுபடி தொற்றாது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஹெபடைடிஸ் பி-க்கு இருப்பது போன்ற தடுப்பூசியும் இதற்குக் கிடையாது. மாத்திரை முடிவதற்குள்ளேயே அடுத்தடுத்த பைகள் ஏறிவிடும். தொற்று உறுதியாவதற்கு முன்பும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி ரத்தத்தில் கூடியபோதெல்லாம், அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பையே காரணம் காட்டி, 'இரும்பு படிந்திருக்கிறது, அதை வெளியேற்றும் மருந்தை ஒழுங்காகக் கொடுங்கள்' என்று எங்களைத்தான் கடிந்துகொண்டார்கள். இரும்பும் வைரஸும் சேர்ந்து தாக்கும் கல்லீரல் விரைவில் தழும்பேறிப்போகும் என்று தெரிந்தவர்கள், வைரஸ் இருக்கிறதா என்று அப்போதே பார்த்திருக்கலாம்.

மே 8 தலசீமியா நாள், ஜூன் 14 ரத்தக் கொடையாளர் நாள், ஜூலை 28 கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) நாள். மூன்றுக்கும் பதாகை கட்டுகிறீர்கள், உறுதிமொழி எடுக்கிறீர்கள். மூன்று பதாகைக்கும் உரியவர்களான இந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் மட்டும், மாற்றாக ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவந்தால்தான் பை தருவோம் என்கிறீர்கள். ஊதியம் பெறாத தன்னார்வக் கொடையையே வளர்க்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 1975இலேயே தீர்மானம் நிறைவேற்றியதை இந்த விழா மேடைகளில் எவரும் நினைவுபடுத்துவதில்லை போலும்.

வருத்தத்தில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. ஒவ்வொரு பைக்கும் நாட் பரிசோதனை எந்தத் தேதி முதல் நடைமுறைக்கு வரும் என்பதையும், எங்கள் நோட்டிலுள்ள எண்களைக் கொண்டு விசாரணை தொடங்கப்பட்டதா என்பதையும், மகளுக்கு அடுத்த முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலசீமியா உள்ள சிறுமியின் தந்தை