களைக்கொல்லியிலிருந்து நெல் தப்புவது எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

அரிசியைக் கிட்டத்தட்ட முழுவதும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சிங்கப்பூரில், தேக்காவில் பொன்னி வாங்கும் பலரும் களைக்கொல்லியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். புல்லைக் கொல்லும் மருந்து, புல் இனத்தையே சேர்ந்த நெல்லை எப்படி விட்டுவைக்கிறது என்று என்னிடம் உயிரியல் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கேட்கிறார்கள். நெல்லுக்குள் மருந்து நுழைவதே இல்லை என்று சிலர் சொல்லும் விடை தவறானது.

நெல்வயலில் தெளிக்கும் பென்சல்பியூரான் மெத்தில் என்னும் களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். வேலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய அமினோ அமிலங்களைச் செடி தானே தயாரித்துக்கொள்ள உதவும் அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் என்னும் நொதியை அது முடக்குகிறது; புரதம் கட்டப் பொருளின்றிக் களையின் குருத்து வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதே நொதி நெல்லிலும் இருக்கிறது, மருந்துக்கு அதுவும் முடங்கக்கூடியதுதான். ஆனால் நெல்லின் சைட்டோகுரோம் பி450 வகை நொதிகள், அந்த மூலக்கூறு தீங்கு செய்யுமுன் அதை விரைவாக மாற்றிச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. வேறுபாடு இலக்கில் இல்லை, அழிக்கும் வேகத்தில் இருக்கிறது.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்குப் புரோபனில் என்னும் மற்றொரு களைக்கொல்லி நல்ல சான்று. ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் அம்மருந்தை நெல் இலையிலுள்ள அரைல் அசைலமிடேஸ் என்னும் நொதி பிளந்துவிடும். எனினும் ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் பூச்சிக்கொல்லியை அதனுடன் கலந்தோ சில நாள் இடைவெளியிலோ தெளித்தால், அந்த நொதியே முடங்கி, காப்பாற்றப்பட வேண்டிய பயிரே கருகிப்போகும். பயிர் தாங்கும் மருந்து என்று அட்டையில் இருப்பதை நம்பி, அளவையும் கலவையையும் பாராமல் தெளிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

களைகளும் இதே வழியைப் பிடித்துக்கொண்டன. கலிபோர்னிய நெல்வயல்களில் வளரும் ஒரு புல் இனம் பி450 நொதிகளை மிகுதியாக உருவாக்கி பல மருந்துகளைத் தாங்குகிறது. மலேசியாவிலோ, 2010இல் அறிமுகமான இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லிகளைத் தாங்கும் நெல்வகைகளில் அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் நொதியே மாற்றமடைந்திருந்தது. பின்னர் அங்கு வயல்களில் களையாக முளைக்கும் களைநெல்லிலும் அந்தத் தாங்குதிறன் காணப்பட்டது.

மனித உடலில் அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் நொதி இல்லை; மேற்சொன்ன அமினோ அமிலங்களை நாம் உணவிலிருந்தே பெறுகிறோம். ஆயினும் அதை மட்டும் வைத்து மருந்து நமக்குத் தீங்கற்றது என்று முடிவுகட்டுவது சரியாகாது. தானியத்தில் எஞ்சும் அளவைத் தனியே சோதித்தே அதைச் சொல்ல முடியும்.

வாசகர்கள் அச்சத்தாலோ வெறும் நம்பிக்கையாலோ முடிவுக்கு வந்துவிடாதிருக்க, நொதித் தடுப்பையும் எச்ச அளவுச் சோதனையையும் விளக்கும் கட்டுரைகளைத் தங்கள் அறிவியல் பக்கத்தில் தொடர்ந்து வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
ஈசூன்