காவல் அறைக்கு ஒரு ஹீட்டர்: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் மாதம் சி பிளாக் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தவள் எழுதுகிறேன். ஜனவரி 9 விடியற்காலை பின்வாசல் காவல் அறையில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலமே நீங்கள் ஒட்டிய அறிவிப்பு லிஃப்ட் பக்கத்தில் இன்னும் இருக்கிறது: பணியாளர்கள் வளாகத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, மீறினால் சம்பளத்தில் 500 ரூபாய் பிடிக்கப்படும். அதில் ஹீட்டர் என்ற சொல்லே இல்லை. என் முதல் கோரிக்கை அதுதான். இரண்டு வாசல் காவல் அறைகளிலும் அறைக்கு ஒரு மின் ஹீட்டர் வைத்துக்கொடுங்கள்.

டெல்லிக் குளிரைக் குறை சொல்ல நான் வரவில்லை. மார்கழியிலும் பத்து மணிக்கெல்லாம் வெயில் உறைக்கும் சாத்தூர்க்காரி நான். நவம்பர் புகையில் கண் எரிந்து தொண்டை கட்டியபோது ஊருக்கே திரும்பிவிடலாமா என்றிருந்தது. டிசம்பர் வந்ததும் மனம் மாறிவிட்டது. ஒரு நாள் காலை ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கையே காணோம், அத்தனை மூடுபனி. மயூர் விஹார் தெருமுனையில் கடலைக் குவியலின் உச்சியில் தணல் சட்டியை வைத்துச் சூடாக விற்கிறார்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவி இலைத் தொன்னையில் தருகிறார்கள். சாந்தினி சவுக்கில் வாயில் வைத்ததும் கரைந்துபோகும் பால் நுரைக்காக விடுமுறை நாளில் மெட்ரோ ஏறிப் போனேன். ரத்தச் சிவப்பில் கேரட்டை இங்கேதான் முதலில் பார்த்தேன். ஞாயிறு மதியம் மொட்டை மாடியில் ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வையை, வெயிலுக்கு விரித்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கும் சுகத்தை அம்மாவிடம் போனில் சொன்னால் நம்பவில்லை.

இதில் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பின்வாசல் இரவுக் காவலர். பீகாரில் மதுபனிப் பக்கத்துக்காரர், ஐம்பது தாண்டிய மனிதர். ராத்திரி எட்டு மணிக்கு வந்தால் காலை எட்டு மணிவரை அந்தத் தகர அறைதான். "பிட்டியா (மகளே), காதை மூடு, குளிர் காது வழியாத்தான் ஏறும்" என்று முதல் வாரமே அதட்டினார். பழைய ரஜாயைத் தூக்கிப் போடாதே, பஞ்சு கொட்டுகிறவர் வருவார் என்று சொல்லி, அவர் வந்த அன்று மேலே ஆளனுப்பிக் கூப்பிட்டார். சமவெளியில் 4 டிகிரிக்கு இறங்கினால் வானிலைத் துறை குளிர் அலை என்று அறிவிக்கும். 2023 ஜனவரியில் டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.4 டிகிரிக்குப் போனது. அந்த ராத்திரியும் இதே அறையில்தான் இருந்தேன் என்றார். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை வைத்து அடைத்திருக்கிறாரே, அந்த அறை.

டிசம்பர் முழுக்க அவர் வாசலுக்கு வெளியே சருகும் கூரியர் அட்டைப் பெட்டியும் போட்டு நெருப்பு மூட்டினார். புகை வீட்டுக்குள் வருகிறது என்று சிலர் புகார் சொன்னார்கள், நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. குளிர்கால இரவில் கனத்த குளிர்காற்று தரையோடு தங்கிவிடுகிறது, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல நிற்கிறது. கீழே எழுகிற புகைக்கு மேலே போக வழியே இல்லை. குப்பையை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே சொல்லிவிட்டது. ஆனால் நெருப்பை அணைக்கச் சொன்னவர்கள் அதற்குப் பதிலாக அவருக்கு எதையும் தரவில்லை. அவர் என்ன செய்தார்? சாந்துச் சட்டியில் தணலை அள்ளிப்போட்டு, புகை வெளியே தெரியக் கூடாதே என்று அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று ஐந்து மணிக்குத் திருப்பாவைக்காகக் கோயிலுக்குக் கிளம்பினேன். பின்வாசல் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. தட்டிப் பார்த்துவிட்டுக் காவல் அறைக் கதவைத் தள்ளினால் நாற்காலியில் தலை தொங்கியபடி இருந்தார். தணல் சிவந்து கிடந்தது, புகையே இல்லை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய அறையில் அங்கீட்டி என்கிற கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றி இந்த ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் செய்தி வருகிறது. பால் போட வந்த பையனும் நானும் அவரை வெளியே இழுத்துப் போட்டோம். அவர் கண் திறக்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியவில்லை. என் கைகள் நடுங்கியது குளிரால் இல்லை.

மருத்துவமனையிலிருந்து வந்து நான்காம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டார். அன்றுதான் லோஹ்ரி. நம் போகியை ஒட்டியே வருகிற, நெருப்பு மூட்டிக் கொண்டாடும் வடநாட்டுப் பண்டிகை. புல்வெளியில் விறகை ஆளுயரம் அடுக்கி எரித்தோம். நானும் சுற்றி வந்து கடலையும் பொரியும் போட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். பதினொரு மணிக்குக் குப்பை போட இறங்கினேன். எல்லோரும் மேலே போய்விட்ட பிறகு அவரும் துப்புரவு செய்யும் அம்மாவும் அந்தச் சாம்பல் மேட்டின் மேல் கை நீட்டி நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்கள். அபராதத்துக்குப் பயந்து. எனக்குப் பயந்து! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காற்று கெட்டுப்போகும் நாட்களுக்காக டெல்லியில் கிராப் என்று ஒரு படிநிலைத் திட்டம் இருக்கிறதல்லவா? திறந்தவெளியில் எரிப்பதைத் தவிர்க்கக் காவல் பணியாளர்களுக்குக் குடியிருப்புச் சங்கங்கள் மின் ஹீட்டர் கொடுத்தாக வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. தடையை மட்டும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம்.

செலவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட். இரண்டு அறைக்கு 20, முப்பது ராத்திரிக்கு 600. நாம் 120 வீடுகள். வீட்டுக்கு மாதம் 5 யூனிட். 2,000 வாட் கீசர் இரண்டரை மணி நேரத்தில் இழுக்கிற மின்சாரம் இது. இதற்கா பொதுக்குழு கூடும்வரை காத்திருக்க வேண்டும்?

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே ஒன்று என்னை உறுத்துகிறது. பால், பேப்பர், கூரியர், குப்பை, காவல் எல்லாம் ராத்திரியும் விடியலிலும் வெளியே நிற்கிற மனிதர்களால் நடக்கின்றன. மேம்பாலத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். நாம் அவர்களைக் கடந்து ஸ்வெட்டர் வாங்கப் போகிறோம். ஊரையே திருத்த என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. அதை நீங்கள் என்னிடம் கேட்கவும் இல்லை. பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வாசலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வயதிலும் இந்த ஊர் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர்கள் நீங்கள். பணிவாகவே கேட்கிறேன். இரண்டு காவல் அறைகளுக்கும் ஹீட்டர் வையுங்கள். கம்பி சிவக்காத, உள்ளே எண்ணெய் அடைத்த மின் ஹீட்டராக இருந்தால் நல்லது. உடைந்த கண்ணாடியை மாற்றுங்கள், அந்த 500 ரூபாய் அறிவிப்பைக் கிழித்துவிடுங்கள். பிப்ரவரிவரை குளிர் இருக்கிறது. என் வீட்டு ஹீட்டரை நேற்றே கீழே கொண்டுபோனேன். அங்கே இருக்கும் பிளக் பாயின்ட் போன் சார்ஜருக்கானது, இந்தச் சுமையைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். 15 ஆம்பியர் பாயின்ட் போட அரைநாள் வேலையாம், உங்கள் கையெழுத்து வேண்டுமாம். முதலில் அதையாவது இன்று போட்டுக்கொடுங்கள். நீங்கள் வாங்கும்வரை என் ஹீட்டர் அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சி பிளாக் மூன்றாம் மாடியிலிருந்து