மறுவெளியீட்டையும் காதால் எடை போடுங்கள்

ஆசிரியருக்கு,

புதிய இசை ஆல்பங்களைத் தாட்சண்யம் பாராமல் அலசும் உங்கள் விமர்சகர்கள், பழைய பாடல்களின் மறுவெளியீடு என்றால் அட்டைப்படத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒலியைப் பற்றி ஒரு வரி இல்லை.

இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் குரலை ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்கள் கீழக்கரைக்காரர்களான நாங்கள். அண்மையில் வாங்கிய தொகுப்பு ஒன்றில், இரைச்சலை நீக்குகிறோம் என்று அவர் மூச்சிழுக்கும் ஓசையையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். அவர் தணிந்து பாடும் இடமும் உச்சத்துக்கு ஏறும் இடமும் ஒரே மட்டத்தில் முழங்குகின்றன. எவ்வளவு பெரிய அநியாயம்! உறையில் பதிவான ஆண்டு இல்லை. வாத்தியக்காரர்களின் பெயரும் இல்லை.

இதையெல்லாம் விமர்சகர் கேட்காமல் வேறு யார் கேட்பது? பழைய இசைத்தட்டையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்ட பிறகே எழுதச் சொல்லுங்கள்.

– வாசகர் ஒருவர், கீழக்கரை